தண்டுவட மின்தூண்டியும் நீங்கா நோவும்

நோவு என்னும் சொல்லை அறியாதார் ஒருவருமிலர். ஆயினும் நோவாவது யாது என்று வினவின் விடைகூறுதல் எளிதன்று. காலில் முள் தைத்தவுடன் உண்டாவதும் நோவே. முள்ளை வாங்கிப் புண்ணும் ஆறிப் பல்லாண்டு கழிந்த பின்னரும் அவ்விடத்தே இரவுதோறும் நின்று எரிவதும் நோவே. முன்னது உடலைக் காக்கும் காவலாள். பின்னது திருடன் போய்விட்ட பின்னரும் விடிய விடியக் கூவி வீட்டாரை உறங்கவொட்டாத காவலாள். மூன்று திங்களுக்கு மேற்பட்டு நிற்பதனை நெடுநாள் நோவு என்று வைத்தியர் வகுப்பர். இந்நோவினைத் தணித்தற்பொருட்டு முதுகெலும்பின் உள்ளே மெல்லிய கம்பிகளைச் செலுத்தித் தண்டுவடத்தின் அருகே சிறு மின்துடிப்புக்களைப் பாய்ச்சுகின்ற கருவி ஒன்று அரைநூற்றாண்டுக்கு மேலாக வழக்கில் உள்ளது. அதனைத் தண்டுவட மின்தூண்டி என்று இக்கட்டுரையில் வழங்குவோம். அது தோன்றிய வரலாற்றையும் தொழிற்படும் முறையையும் சுருங்கக் கூறி, அதனைத் தம் உடலினுள் தாங்கி வாழ்வார்க்கு அது தருவது எவ்வளவு, தாராதது எவ்வளவு என்பதனை விரித்து ஆராய்தலே நம் நோக்கமாகும்.

நோவே அறியாத உடல் பேறுபெற்ற உடலன்றோ என்று நினைப்பாரும் உளர். அந்நினைவு தவறென்பதனை உலகிற்கு எடுத்துக்காட்டியவருள் ஒருவர் டாக்டர் பால் பிராண்டு என்பார். இவர் 1914-ம் ஆண்டில் நம் கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோர்க்கு மகனாய்ப் பிறந்தவர். 1946-ம் ஆண்டு முதல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ரணவைத்தியராயிருந்து தொழுநோயாளரின் கைகால்களைச் சீர்ப்படுத்துவதிற் பெரும்புகழ் படைத்தவர். தொழுநோயாளர் விரல்களை இழப்பதற்குக் காரணம் நோய் நேரே சதையைத் தின்பதன்று. நோவறியும் உணர்ச்சி மாண்டமையால், சுட்டதும் வெட்டியதும் அறியாது அவர்கள் தம் கைகளைத் தாமே சிதைத்துக்கொள்ளுகின்றனர் என்பதை அவர் விளக்கினார். 1966-ம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவ நிலையத்திற்குச் சென்ற பின்னர், இழந்த நோவுக்கு ஈடாகச் செயற்கை நோவு ஒன்றை மின்சாரத்தால் ஆக்கவும் அவரும் அவர்தம் துணைவரும் முயன்றனர். கையுறைகளில் அழுத்தமறியும் பொறிகளை அமைத்து, அழுத்தம் அளவு கடந்தவழி மின்சாரம் உடலிற் சுரீரெனத் தாக்குமாறு செய்தனர். நோயாளர் யாது செய்தனர்? கைக்குத் தீங்கு தரும் வேலையொன்றைச் செய்ய விரும்பியபோதெல்லாம் கருவியை நிறுத்திவிட்டு வேலையை முடித்துக்கொண்டு, பிறகு மீண்டும் அதனை முடுக்கினர். முயற்சி கைவிடப்பட்டது. நோவை நிறுத்தும் விசை தன் கையில் இருப்பின் மனிதன் அதனை நிறுத்தியே தீர்வான் போலும்!

பிராண்டு கார்வில் சேர்ந்த அடுத்த ஆண்டிலேயே, அந்நாட்டின் மற்றொரு பகுதியில், அத்தகைய விசையை நோயாளியின் கையிற் கொடுப்பதற்கே ஒரு கருவி செய்யப்பட்டது. அதுவே நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

மின்சாரத்தால் நோவைத் தணித்தல் புதியதொரு கருத்தன்று. கி. பி. முதல் நூற்றாண்டில், கிளாடியஸ் சக்கரவர்த்தியின் காலத்து ரோம வைத்தியராகிய ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ் என்பவர் தாம் இயற்றிய மருந்து நூலில், தீராத் தலைவலிக்கும் கால்வாதத்திற்கும் உயிருள்ள மின்திருக்கை மீனை மருந்தாகக் கூறியுள்ளார். கால்வாதமுடையார் அலை நனைக்கும் ஈரக்கரையில் அம்மீனைத் தம் அடியின்கீழ் வைத்து, முழங்கால்வரை மரத்துப்போகுமளவும் நிற்கவேண்டும் என்பது அவர் விதி. மின்சாரம் என்று ஒன்று உண்டென்பதே அறியப்படாத காலத்து விதி இது.

எனினும் நோவு செல்லும் வழியை அறியாதவரை இத்தகைய வைத்தியம் குருட்டு வைத்தியமாகவே இருந்தது. பிரெஞ்சுத் தத்துவ ஞானியாகிய டெக்கார்ட்டு என்பவரது நூலொன்று, அவர் இறந்த பின்னர், 1664-ம் ஆண்டில் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. அதில், நெருப்பருகே கால் வைத்தவன் சூட்டை உணர்வது, கயிற்றின் ஒரு முனையை இழுக்க மறுமுனையில் மணி ஒலிப்பதனை ஒக்கும் என்று அவர் எழுதினார். எளிய உவமை, நெடுங்காலம் கற்றோர் மனத்தை ஆண்ட உவமை. கயிற்றால் மணி ஒலிக்குமாயின், கயிற்றை அறுத்தால் ஒலி அடங்கவேண்டுமன்றோ? ரணவைத்தியர் அவ்வாறே நரம்புகளை அறுத்துப் பார்த்தனர். சிலர்க்கு நோவு அடங்கிற்று. சிலர்க்குச் சில திங்களில் மீண்டது. வேறு சிலர்க்கு முன்னினும் கொடிதாயிற்று. காலையே இழந்தவனுக்கு இல்லாத பாதம் எரிவதையும் அவ்வுவமை விளக்கமாட்டாதாயிற்று.

1965-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில் 'சயன்ஸ்' என்னும் அமெரிக்க விஞ்ஞான இதழில், கனடா தேசத்தவராகிய ரொனால்டு மெல்ஸாக், இங்கிலாந்திற் பிறந்தவராகிய பாட்ரிக் வால் ஆகிய இருவரும் புதியதொரு கொள்கையை வெளியிட்டனர். வாயிற்கதவுக் கொள்கை என்று அதனை நாம் கூறலாம். தோலிலிருந்து தண்டுவடத்திற்குச் செல்லும் நரம்பிழைகளுள் பருமனானவை தொடுதல், அதிர்தல் ஆகிய உணர்ச்சிகளை விரைந்து கொண்டுசெல்வன. மெல்லியவை நோவுச் செய்தியை மெல்லக் கொண்டுசெல்வன. இவ்விருவகையும் தண்டுவடத்தின் பிற்பகுதியில் ஓரிடத்திற் கூடுகின்றன. ஆண்டு ஒரு கதவு இருப்பதாகக் கொள்க. பருமனான இழைகள் மிகுந்து தொழிற்படின் கதவு சாத்தப்படும். மெல்லியவை மிகின் திறக்கப்படும். மூளையிலிருந்து இறங்கும் ஆணைகளும் அக்கதவை அசைக்கும். ஆதலின் அச்சமும் கவலையும் நோவை வளர்க்கும். முழங்கையைத் தூணில் இடித்துக்கொண்டவன் ஒருவரும் கற்பியாமலே அவ்விடத்தைப் பரபரவென்று தேய்க்கின்றான். அடிபட்ட குழந்தையின் முழங்காலைத் தாய் தடவிக்கொடுக்கின்றாள். இவையெல்லாம் பருமனான இழைகளை எழுப்பிக் கதவைச் சாத்தும் செயல்களே என்பது இக்கொள்கையாற் புலனாயிற்று. இதன் நுண்பகுதிகள் சில பின்னர்த் திருத்தம் பெற்றனவாயினும், நோவு தண்டுவடத்திலேயே கூட்டவும் குறைக்கவும் படுவது என்னும் அடிப்படை நிலைபெற்றுவிட்டது.

தொடுவுணர்ச்சியைச் சுமக்கும் பருமனான இழைகளின் கிளைகள் தண்டுவடத்தின் பின்புறத்தில் ஒருங்கு திரண்டு மூளையை நோக்கி மேலேறுகின்றன. அவற்றை மின்சாரத்தால் எழுப்பினால், கையால் தேய்க்கமுடியாத நோவையும் உள்ளிருந்தே தேய்த்ததாகுமன்றோ? இவ்வாறு கருதினார் அமெரிக்க நாட்டுக் க்ளீவ்லாந்து நகரில் இருந்த ரணவைத்தியர் நார்மன் ஷீலி. பொறியியல் மாணவராயிருந்த தாமஸ் மார்ட்டிமர் கருவியமைக்கத் துணைநின்றார். 1967-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், நுரையீரற் புற்றுநோயால் தாங்கொணா வேதனையுற்ற 70 வயது முதியவர் ஒருவரின் முதுகில் அக்கருவி முதன்முதலாக வைக்கப்பட்டது. மின்சாரம் பாய்ந்தபோது நோவு தணிந்தது. முதியவர் சில நாட்களுக்குள் இறந்துபோனார். ஆயினும் வழி திறந்துவிட்டது.

அதன்பின் நிகழ்ந்த மாறுதல்களை விரைந்து கூறி மேற்செல்வோம். முதற் கருவிகளில் மின்னாற்றல் உடலுக்கு வெளியே வைத்த பெட்டியிலிருந்து வானொலி அலை வாயிலாக உள்ளே சென்றது. பின்னர் மின்கலத்தோடு கூடிய முழுக்கருவியையும் உடலினுள் வைக்கும் முறை வந்தது. 2004-ம் ஆண்டில், தோலின் மேலிருந்தே மின்னேற்றத்தக்க கருவி அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வினாடிக்கு 50 துடிப்பளவில் இருந்த வழக்கிற்கு மாறாக, வினாடிக்கு 10,000 துடிப்புத் தருவது 2015-ம் ஆண்டில் ஆண்டு அனுமதிக்கப்பட்டது. தண்டுவடம் தரும் மறுமொழியைத் தானே அளந்து ஒவ்வொரு துடிப்பையும் திருத்திக்கொள்ளும் கருவி 2022-ல் அனுமதி பெற்றது. பெரும்பாலும் முதுகில் ரணசிகிச்சை செய்தும் தீராத கால்நோவு, நரம்புப் பழுதால் ஒரு கையோ காலோ வீங்கிச் சிவந்து எரியும் நோய், நீரிழிவால் நேரும் பாத எரிச்சல் ஆகியவற்றிற்கே இது கையாளப்படுகின்றது. விலையோ பல லட்ச ரூபாய்க்குச் சமமானது.

கருவியின் உறுப்புக்கள் மூன்று: கம்பி, மின்கலப் பேழை, கையிற் பிடிக்கும் கட்டுப்பாட்டுப் பொறி. கம்பி ஒன்றேகால் மில்லிமீட்டரளவு பருமனுடையது. அதன் முனையில் வரிசையாக எட்டு உலோக வளையங்கள் அமைந்திருக்கும். இடுப்பிற்குச் சற்று மேலே, முள்ளெலும்புகளின் இடையே, உள்ளே துளையுடைய ஊசியைச் செலுத்தி, அதன் வழியாகக் கம்பியைத் தண்டுவடத்தின் உறைக்கு வெளியேயுள்ள இடைவெளியில் மேல்நோக்கித் தள்ளுவர். கால்நோவிற்கும் கீழ்முதுகு நோவிற்கும் அதன் முனை நெஞ்சின் நடுப்பகுதிக்கு நேர்பின்னே, எட்டாம் ஒன்பதாம் முள்ளெலும்பளவில் நிற்கவேண்டும். நோவது பாதத்தில், கம்பி நிற்பது நெஞ்சின் பின்புறத்தில் என்பது கேட்பார்க்கு வியப்பாகும். பாதத்திலிருந்து மூளைக்குச் செல்லும் இழைகள் யாவும் அவ்வழியே போதலின் அங்ஙனம் வைக்கப்படுகின்றது. முதலிற் கம்பியை மட்டும் உள்ளே வைத்து, பேழையை இடுப்பில் வெளியே கட்டிக்கொண்டு, ஒரு வாரமளவு சோதித்துப் பார்ப்பர். நோவு பாதியாயினும் குறைந்தாலன்றிப் பேழையை உள்ளே புதைப்பதில்லை என்பது பொதுவிதி. குறைந்ததாயின், பிட்டத்தின் மேற்புறத்திலோ விலாவின் கீழேயோ தோலை அறுத்துப் பை போலாக்கி அதனுட் பேழையை வைத்துத் தைத்துவிடுவர்.

இனி இக்கருவியோடு வாழும் வாழ்வைக் காண்போம்.

முதல் ஆறு அல்லது எட்டு வாரம் நோன்பிருப்பது போன்றதாம். குனிதலாகாது, இடுப்பை முறுக்கித் திரும்புதலாகாது, கைகளைத் தலைக்குமேல் தூக்குதலாகாது, நீர் நிறைந்த குடத்தை எடுத்தலும் ஆகாது. கம்பியானது உள்ளே தசைநார் வளர்ந்து பற்றிக்கொள்ளுமளவும் நழுவும் இயல்பினது. சில மில்லிமீட்டர் நழுவினும் போதும், காலில் தோன்றவேண்டிய உணர்ச்சி விலாவிலோ வயிற்றிலோ தோன்றும். காலோ முன்போலவே எரியும். பல்லாண்டு நொந்து கிடந்தவன் நோவு குறைந்த அன்றே வீட்டு வேலையெல்லாவற்றையும் செய்துமுடிக்க எழுதல் இயற்கை. அவ்வெழுச்சியை அடக்குதலே அந்நாட்களிற் செய்யத்தக்க பெரிய தவம். ரணம் சீழ்வைப்பதும் இக்காலத்தில் அஞ்சத்தக்கதொன்று. அது நேரிற் பெரும்பாலும் கருவியையே எடுத்துவிட நேரும்.

பழைய முறைக் கருவியில் நோவு இருந்த இடத்தில் ஒன்றுமில்லாமை தோன்றாது. அவ்விடத்தில் எறும்பு ஊர்வதுபோன்ற ஓர் அதிர்வு தோன்றும். எரிச்சலைக் கொடுத்து எறும்பூர்தலை வாங்கிக்கொள்ளும் பண்டமாற்று என்று அதனைக் கூறலாம். சிலர் ஒரே வாரத்தில் அதற்குப் பழகி அதனை மறந்துவிடுகின்றனர். சிலர்க்கு அதுவே புதியதொரு தொல்லையாகின்றது. மேலும் அது ஒருநிலைப்பட நிற்பதன்று. மல்லாந்து படுக்கும்போது தண்டுவடம் முதுகுப்புறமாகச் சில மில்லிமீட்டர் சாய்ந்து கம்பியை நெருங்குகின்றது. அப்போது அதே அளவு மின்சாரம் திடீரென மிக்குத் தோன்றும். எழுந்து நிற்கக் குறையும். இருமினாலும் தும்மினாலும் ஒரு குலுக்கல். ஆகவே படுக்கைக்குச் செல்வார் விளக்கை அணைக்குமுன் கட்டுப்பாட்டுப் பொறியை எடுத்து அளவைக் குறைத்துக்கொள்வது வழக்கமாகின்றது. இவ்வதிர்வோடு மோட்டார் வண்டி ஓட்டலாகாது என்றும் அறிவுறுத்துவர். வளைவிற் காலில் திடீரென அதிர்வு மிகுந்தால் நேரக்கூடியதைச் சொல்லவேண்டுவதில்லை. வினாடிக்கு 10,000 துடிப்புத் தரும் கருவியில் இவ்வெறும்பூர்தல் தோன்றுவதேயில்லை; அங்ஙனமாயின் அது நோவைத் தணிப்பது மேற்கூறிய கதவின் வழியாக மட்டுமன்று என்பது தெளிவு. அதன் முழுக்காரணம் இன்னும் ஆராய்ச்சியில் உள்ளது.

மின்னேற்றும் கருவியாயின், வாரத்திற் சிலமுறையோ நாள்தோறுமோ, இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு அசையாது அமர்ந்திருத்தல் வேண்டும். பேழையிருக்கும் இடம் அப்போது சற்றுச் சூடேறும். பயணத்தில் அப்பட்டையை மறந்துவிட்டுச் சென்றவர்க்குச் சில நாட்களில் மின்கலம் வற்றும். நோவு அழையா விருந்தாய் வந்து நிற்கும். மின்னேற்ற வேண்டாத வகையும் உண்டு. ஆனால் சில ஆண்டுகட்கு ஒருமுறை தோலை அறுத்துப் பேழையை மாற்றவேண்டும். எதனைத் தேர்வது? ரணசிகிச்சை குறைவாதலின் முன்னதே சிறந்தது என்று பலரும் கூறுவர். நம் கருத்தில், நாள்தோறும் தன்னை நோயாளியென்று நினைப்பூட்டும் பட்டையை வெறுப்பவர்க்கும், விரல் நடுக்கமோ மறதியோ உடைய முதியவர்க்கும் பின்னதே பொருந்தும். இதனை வைத்தியர் மட்டும் தீர்மானித்தல் தகாது.

சிறு தொல்லைகள் பல. மெலிந்த உடலினர்க்குப் பேழை தோலின்கீழ்ப் புடைத்து நாற்காலி முதுகிலும் இடுப்புக் கச்சையிலும் உரசும். விமான நிலையத்துச் சோதனை வாயில் வழியாகச் செல்லும்போது துடிப்பு மிகக்கூடும். அதனால் அதனை நிறுத்திக்கொண்டு, கருவியுண்டென்று காட்டும் அட்டையை நீட்டவேண்டும். மூட்டுநோவிற்கு வெப்ப அலையால் ஒத்தடம் தரும் டையாதெர்மி என்னும் சிகிச்சை இவர்கட்கு முற்றும் விலக்கு. கம்பி அவ்வெப்பத்தை வாங்கித் தண்டுவடத்தையே சுட்டுவிடும். காந்தப் படமெடுத்தலும் பழைய கருவியுடையார்க்கு இயலாது; புதியனவற்றுள் பலவும் சில கட்டுப்பாடுகளுக்குட்பட்டே அதற்கு இடங்கொடுக்கும். ஆதலின், பிற்காலத்தில் வேறொரு நோய் வந்து அப்படம் தேவையாகுமோ என்பதையும் முன்னரே எண்ணவேண்டியுள்ளது.

இவை அனைத்தினும் பெரிய தொல்லை வீட்டினுள் நேர்வது. நெடுநாள் நோவு கண்ணுக்குத் தெரியாதது. அதற்குரிய கருவியும் கண்ணுக்குத் தெரியாதது. பெரும்பொருள் செலவிட்டு வைத்தியம் செய்தாயிற்று, இனி என்ன குறை என்று சுற்றத்தார் எண்ணுகின்றனர். நோவு பத்திலிருந்து ஐந்தானவன் இன்னும் ஐந்தைச் சுமக்கின்றான் என்பதை அவர்கள் அறியார். அவனும் நன்றிகெட்டவன் என்னும் பெயர்க்கு அஞ்சி, "நலமே" என்று சொல்லிவிடுகின்றான். பாதி நோவு என்பது குறைந்த பேறன்று: பாதி நோவில் மனிதன் உறங்கலாம், கடைத்தெருவரை நடக்கலாம், ஒருமணி நேரம் அமர்ந்து படிக்கலாம். ஆயினும் அது பாதியே. மாத்திரைகளும் உடற்பயிற்சியும் பலர்க்குத் தொடர்ந்தே வருகின்றன. ஆண்டுகள் செல்லச்செல்ல, கம்பி இருந்த இடத்திலேயே இருந்தும் பயன் தேய்ந்துபோவதும் உண்டு. அமெரிக்காவிற் கருவி வைத்துக்கொண்ட 1,260 பேரைப்பற்றி 2023-ல் வெளிவந்த ஆராய்ச்சியொன்றில், ஈராண்டிற்குள் நூற்றுக்கு 22 பேர்க்குக் கருவியைத் திருத்தவோ எடுக்கவோ நேர்ந்ததென்று காண்கின்றோம்.

அங்ஙனமாயின் இதனாற் பயனுண்டா இல்லையா? நேர்மையாக விடைகூற வேண்டுமாயின் இருதிறத்துச் சான்றையும் எடுத்துக்காட்டல் வேண்டும்.

ஹாலந்து தேசத்தில் 54 நோயாளரை வைத்துச் செய்து 2000-ம் ஆண்டில் வெளியான சோதனையில், ஆறு திங்கள் கழிந்தபோது கருவியின் பக்கத்தில் நோவு தெளிவாகக் குறைந்திருந்தது. பல நாட்டு வைத்தியர் சேர்ந்து 100 பேரிடம் நடத்தி 2007-ல் வெளியிட்ட சோதனையில், கால்நோவு பாதியேனும் குறைந்தவர் கருவியுடையாருள் நூற்றுக்கு 48 பேர். மருந்து முதலியன மட்டும் பெற்றாருள் நூற்றுக்கு 9 பேர். இங்கிலாந்து நாட்டு மருத்துவச் சிறப்பு நிலையம் 2008-ல் இச்சிகிச்சைக்கு இசைவு தந்தது. இவை ஒருபுறம்.

மறுபுறம், இச்சோதனைகளில் நோயாளர் தமக்குக் கருவியுண்டு என்பதை அறிந்தே இருந்தனர். எறும்பூர்தல் தோன்றும்போது அறியாதிருத்தல் எங்ஙனம் கூடும்? உணர்ச்சி தோன்றாத புதுமுறை வந்த பின்னரே மறைத்துச் சோதிக்க வாய்ப்புண்டாயிற்று. நார்வே தேசத்து ட்ரான்ட்ஹைம் நகர மருத்துவமனையில், முதுகு ரணசிகிச்சைக்குப் பின்னும் கால்நோவு தீராத 50 பேர்க்குக் கருவியை வைத்து, ஓராண்டில் மும்மூன்று திங்களாக இருமுறை மின்சாரம் பாய்ச்சியும் இருமுறை பாய்ச்சாதும் வைத்தனர். எப்போது பாய்கின்றது என்பது நோயாளர்க்குத் தெரியாது. இவர்கள் யாவரும் முன்சோதனையிற் பயன்கண்டவர்களே. 2022-ல் வெளிவந்த முடிவு வருமாறு: அன்றாடச் செயலில் உள்ள தடையை நூறு புள்ளிக்கு அளக்கும் அளவையில், மின்சாரம் பாய்ந்த காலத்திற் குறைந்தது 10.6 புள்ளி, பாயாத காலத்திற் குறைந்தது 9.3 புள்ளி. வேறுபாடு இல்லையென்றே சொல்லலாம். அச்சோதனையிற் கையாண்ட துடிப்புமுறை வழக்கமானதன்று என்று மறுப்பாரும் உளர். அம்மறுப்பில் ஓரளவு நியாயமும் உண்டு. கீழ்முதுகு நோவிற்கு இக்கருவி உதவுமென்று கொள்ளப் போதிய சான்றில்லை என்று காக்ரேன் ஆராய்ச்சிக் கூட்டத்தாரும் 2023-ல் எழுதினர்.

மின்சாரமின்றியும் ஒன்பது புள்ளி குறைந்தமையை நாம் ஏளனஞ்செய்தல் கூடாது. அந்நோயாளர் பொய் கூறினாரல்லர். அவர்தம் நோவும் பொய்யன்று. மூளையிலிருந்து இறங்கும் ஆணையும் கதவை அசைக்குமென்று மெல்ஸாக்கும் வாலும் கூறியதை இங்கே நினைவுகூர்க. நம்மை ஒருவர் கருத்தோடு கவனிக்கின்றார் என்னும் உணர்ச்சியும், இனி நலம் பெறுவோம் என்னும் எதிர்பார்ப்பும் உடலில் தொழிற்படும் காரணங்களே. ஆனால் அவற்றிற்காக முதுகை அறுக்கவேண்டுமா என்பது வேறு வினா. கருவியை விற்பாரை நோக்கி அதனைக் கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு.

மேற்கூறிய ஹாலந்துச் சோதனையாளர் தம் நோயாளரை ஐந்தாண்டு தொடர்ந்து நோக்கினர். நாளடைவிற் கருவியின் பயன் தேய்ந்து, ஐந்தாம் ஆண்டிற் கருவியில்லாதார்க்கும் உள்ளார்க்கும் நோவளவிற் கருதத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எனினும், இதே பயனே கிடைக்குமாயின் மீண்டும் இச்சிகிச்சையை ஏற்பீர்களா என்று கேட்டபோது, கருவியுடையாருள் நூற்றுக்கு 95 பேர் ஏற்போம் என்றனர்! இவ்விடையை நாம் பலமுறை எண்ணிப் பார்த்தோம். அளவுகோல் காணாத ஏதோ ஒன்றை அவர்கள் பெற்றிருத்தல் வேண்டும். நோவு மிகும்போது தான் செய்யத்தக்கது ஒன்று தன் சட்டைப்பையில் இருக்கின்றது என்பதே அதுவாகலாம். கார்வில் நோயாளர் தம் செயற்கை நோவை நிறுத்தியதும், இவர்கள் தம் உண்மை நோவின்மீது ஒரு விசை பெற்றதும் ஒரே மனித இயல்பின் இருபுறங்களாக நமக்குத் தோன்றுகின்றன.

ஆகவே கருவியைப் புதைக்குமுன் நிகழும் சோதனை வாரமே யாவற்றினும் முக்கியமானது. அமெரிக்க அரசாங்கத்தின் மருந்துக் கட்டுப்பாட்டு நிலையமும் 2020-ம் ஆண்டு செப்டம்பரில், இச்சோதனையைச் செய்து பயன்காணாமற் கருவியைப் புதைத்தலாகாது என்று வைத்தியர்கட்கு எழுதிற்று. அவ்வாரத்திற்கு முன்னரே நோவின் வகையைத் தெளிதல் நன்று. மெல்ஸாக் 1975-ல் நோவைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் 78-ஐத் திரட்டி 20 தொகுதியாக்கி, நோயாளி தன் நோவுக்குரிய சொல்லைத் தேர்ந்துகொள்ளுமாறு செய்தார். நம் மொழியிலும் இதற்குச் சொற்பஞ்சமில்லை: எரிச்சல், குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், விண்விண்ணென்று தெறித்தல், சுரீரென்று பாய்தல், மதமதப்பு என நம் பாட்டிமார் வழங்குவன பல. இவற்றுள் எரிச்சலும் சுரீரென்று பாய்தலும் மதமதப்பும் பெரும்பாலும் நரம்பின் பழுதைக் காட்டுவன. இக்கருவி பெரிதும் நோக்குவது அவற்றையே. மூட்டுத் தேய்ந்த கடுப்பிற்கும் எலும்பு முறிந்த நோவிற்கும் இதனை நாடுதல் வீண். வெறுமனே "வலிக்கிறது" என்று சொல்லி நிறுத்தாமல், எவ்வாறு வலிக்கிறது என்று சொல்லத் தெரிந்த நோயாளி தன் வைத்தியர்க்குப் பாதி வேலையைக் குறைத்தவனாவான்.

சோதனை வாரத்தில் ஒரு குறிப்பேடு வைத்திருத்தல் வேண்டும். நோவு பத்தில் எத்தனை என்று மட்டும் எழுதினாற் போதாது. எத்தனை மணி உறங்கினேன், எவ்வளவு தூரம் நடந்தேன், எத்தனை முறை மாத்திரை உண்டேன், எவ்வேலையைச் செய்தேன் என்பனவற்றை நாள்தோறும் குறித்தல் வேண்டும். கருவி வைப்பதற்கு முந்திய வாரத்திற்கும் அவ்வாறே ஒரு குறிப்பு இருத்தல் வேண்டும். வைத்தியர் இசைவாராயின் இடையே ஒருநாள் கருவியை நிறுத்திப் பார்த்து அதனையும் எழுதுக. உடன்வாழும் மனைவியோ மகனோ தாம் கண்டதைத் தனியே, ஒருவர் ஏட்டை ஒருவர் பாராமல் எழுதுவாராக. வாரத்தின் முடிவில் இரண்டு ஏடுகளையும் வைத்தியர் முன் பக்கம் பக்கமாக விரித்து வைத்த பின்னரே, பேழையைப்பற்றிய பேச்சைத் தொடங்கலாம்.